முட்டைக்கு நிழலாய் நிற்கும் பறவை

கத்திரி வெயில் கழிந்தும் வெம்மை கழியாத நாட்கள் இவை. பள்ளி திறப்பதற்குள் எஞ்சியிருக்கும் விடுமுறையை உங்கள் பிள்ளை எவ்வாறு கழிக்கிறான் என்று வினவினால், சில இல்லங்களில் புதுமையான விடை கிடைக்கின்றது: "பறவை பார்க்கப் போயிருக்கிறான், சாமி." விடியுமுன் எழுந்து, நீண்ட குழல் பூட்டிய காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்வெளிக்கும் ஏரிக்கரைக்கும் செல்லும் மகனைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா எனப் பெற்றோர் அறியாது நிற்கின்றனர். காமிராவின் விலை அவர்களை அச்சுறுத்துகின்றது. அதைப் பற்றிப் பின்னர் பேசலாம். அந்தக் காமிரா பறவையிடம் என்ன விலை கேட்கிறது என்பதே முதலில் பேசத்தக்கது.

திருவண்ணாமலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலையின் மேற்குப் புறமாக அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா இரவுகளில் இவ்வழியே மக்கள் வெள்ளம் செல்லும். ஏனைய நாட்களின் அதிகாலையிலோ, பாதையை விட்டுச் சற்று விலகினால் மயிலின் அகவலும் கௌதாரியின் கூவலும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள இம்மலை ஒரு காலத்தில் பெரும்பாலும் வெறும் பாறையும் காய்ந்த புல்லுமாய் நின்றது. 1980களின் பிற்பகுதி தொடங்கி ஆர்வலர்களும் அமைப்புகளும் வனத்துறையினரும் மரம் நட்டனர். கோடைதோறும் பரவும் தீயைத் தடுக்கப் புல்லைச் செதுக்கிக் கோடுகள் அமைத்தனர். மரம் வந்தது, மரத்தோடு பறவையும் வந்தது.

கோடையின் கடைசியில் பறவை பார்ப்பதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து தங்கும் விருந்தினர் எவரும் அப்போது இங்கில்லை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி எனப் பெயர் பெற்ற அழகிய பறவைகூட, முட்டையிட மத்திய இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போய்விட்டிருக்கும். வறட்சியிலும் ஊரை விட்டுப் போகாத செம்போத்து, பனங்காடை, கரிச்சான், சின்னான், தையல்சிட்டு ஆகியவையே எஞ்சி நிற்கும். வறுமைக் காலத்தில் வீட்டை விட்டு நீங்காத உறவினரைப் போன்றவை இவை. அவர்களைப் போலவே அதிகம் கவனிக்கப்படாதவையும்கூட.

படம் எடுப்போர்க்கு இப்பருவத்தில் நேரம் மிகக் குறைவு. ஒன்பது மணியானால் தரையிலிருந்து கானல் எழும். நம் கண்ணுக்கு மெல்லிய நடுக்கமாய்த் தோன்றும் அது, தொலைவிலுள்ளதைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியின் வழியே பார்க்கையில் பறவையின் இறகையும் பாறையையும் ஒன்றாய்க் குழைத்துவிடும். ஆதலின் அறிந்தவர்கள் கதிரவன் எழும்போதே இடம்பிடித்து, எட்டு மணிக்குள் எழுந்துவிடுவார்கள். அறியாதவர்கள் பறவை தெளிவாக விழவில்லையே என்று இன்னும் நெருங்கிச் செல்வார்கள். துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆள்காட்டிக் குருவியை அறியாத உழவர் இல்லை. மஞ்சள் கால்களும், கண்ணருகே செந்நிறச் சதைமடலும் உடைய இப்பறவை, மனிதனையோ நாயையோ கண்டவுடன் ஊரெல்லாம் கேட்கக் கத்தும். பாலைவழியில் ஆள் நடமாட்டத்தைக் குரலெழுப்பி அறிவிக்கும் கணந்துள் என்னும் பறவையைக் குறுந்தொகை பேசுகின்றது. அது ஆள்காட்டியே என்பார் உளர். வேறு பறவை என்பாரும் உளர். இதன் அறிவியற் பெயரின் முற்பகுதி 'வனெல்லுஸ்'. லத்தீனில் 'வன்னுஸ்' என்றால் முறம். 'வனெல்லுஸ்' என்றால் சிறுமுறம். அகன்ற சிறகுகள் அடித்துக்கொள்வது முறத்தால் புடைப்பதை ஒத்திருப்பதால் இப்பெயர் என்பர். குருமடத்தில் நாம் மனனம் செய்த லத்தீன், வயல்வரப்பில் பயன்படும் என்று அன்று எவரும் நமக்குச் சொல்லவில்லை!

இப்பறவை கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில் சிறு குழி செய்து, ஓரத்தில் சில கற்களை அடுக்கி, மண்ணின் நிறத்தில் கரும்புள்ளியிட்ட நான்கு முட்டைகளை இடும். பங்குனியில் தொடங்கி ஆடி வரையிலும் முட்டைகளைக் காணலாம். கோழி முட்டை பொரிப்பதற்கு ஏறத்தாழ 37.5 பாகை வெப்பம் போதும் என்பதைக் கோழி வளர்ப்போர் அறிவர். அதற்கு மேல் சில பாகைகள் ஏறினாலும் கரு மடிந்துபோகும். கோடை நண்பகலிலோ வெறுந்தரை நம் உள்ளங்கை தாங்காத அளவு சுடுகிறது. ஆகவே இந்தப் பருவத்தில் ஆள்காட்டி முட்டையின்மேல் அமர்வது சூடேற்றுவதற்கன்று, சூட்டைத் தடுப்பதற்கு. முட்டைகளுக்கு மேலே நின்று தன் உடலால் நிழல் செய்கிறது. அதுவும் போதாதபோது அருகிலுள்ள நீர்நிலைக்குப் பறந்து, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தை முட்டைகளின்மேல் ஒற்றி எடுக்கிறது. ஆணும் பெண்ணும் முறைவைத்து இப்பணியைச் செய்கின்றன. குஞ்சு வெளிவர ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். ஏரி வற்றி, குட்டையும் சுருங்கும் நாட்களில் இந்த நீர்ப்பயணம் எவ்வளவு நீளும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சென்ற ஆண்டு வைகாசி இறுதியில், நம் பங்கு இளைஞர் ஒருவருடன் அடி அண்ணாமலைப் பக்கம் சென்றிருந்தோம். கடலை பிடுங்கிய தரிசு ஒன்றில் முக்காலி நாட்டி, வெளியூர் அன்பர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மணி பத்து. இரு ஆள்காட்டிகள் அவர் தலைக்கு மேலே வட்டமிட்டுக் கதறின. ஒன்று தரையில் இறங்கி, சிறகு ஒடிந்ததுபோல் இழுத்து நடந்தது. பகைவனைத் தன் பின்னே அழைத்துச் செல்ல இவ்வினம் செய்யும் நாடகம் அது. "அரைமணி நேரமாய் அருமையாக போஸ் கொடுக்கிறது, ஐயா" என்றார் அந்த அன்பர், முகமெல்லாம் மகிழ்ச்சியாக.

நம்முடன் வந்த இளைஞர் ஒன்றும் சொல்லாமல் முக்காலியின் ஒரு காலுக்கு அப்பால் கைகாட்டினார். நான்கு முட்டைகள் வெயிலில் கிடந்தன. அன்பர் அவற்றைக் காணவே இல்லை. அவரிடம் கெட்ட எண்ணம் எள்ளளவும் இல்லை. சொன்ன மாத்திரத்தில் காமிராவைத் தூக்கிக்கொண்டு நம்முடன் வரப்பைத் தாண்டி வெகுதூரம் வந்தார். சில நிமிடங்களில் ஒரு பறவை இறங்கியது. நேராக முட்டைக்குப் போகாமல், அங்குமிங்கும் நடந்து, நம்மை ஐயத்துடன் பார்த்து, பிறகு போய் நிழலாய் நின்றது. மற்றது குட்டையின் திசையில் பறந்தது. அன்பர் காமிராவை மடியில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனி முதல் வாரத்தில் அந்த இளைஞர் தொலைவிலிருந்து கண்டபோது இரு குஞ்சுகள் பெற்றோருடன் திரிந்தனவாம். மற்ற இரண்டும் என்னவாயின? அந்த அரைமணி நேர வெயிலா, கீரியா, காகமா? அறிய வழியில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்னும் சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், கொல்லுதலும் பிடித்தலும் மட்டுமன்றி, காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைத்துத் தொல்லை செய்வதும் அடங்கும். துப்பாக்கி பிடித்தவன் மட்டுமே வேட்டைக்காரன் என்று நாம் எண்ணியிருந்தோம். கூடு நன்றாகத் தெரிய வேண்டுமென்று மறைத்திருக்கும் கிளைகளை ஒடிப்போர் உளர். வெளிச்சம் உள்ளே வரும், கூடவே காகத்தின் கண்ணும் வரும். கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து அழைப்போரும் உளர். தன் எல்லைக்குள் அயலான் புகுந்தான் என்று நம்பி, அந்த ஏழைப் பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத பகைவனைத் தேடி அலையும். இவற்றால் கிடைக்கும் படத்தைக் காண்போர் புகழவே செய்வர். அலகைத் திறந்து கதறும் பறவையின் படம், அறியாதவர் கண்ணுக்குப் பாடும் பறவையின் படமாகவே தோன்றும்.

பொறுமையோடு எடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டைப் படம் பிடித்தனர். பின்னர் உள்ளீடற்ற மாட்டு உருவம் ஒன்றைச் செய்து அதனுள் ஒளிந்துகொண்டும் எடுத்தனர். நம் நாட்டில், நாவலாசிரியர் அ. மாதவையாவின் இளைய மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒன்றை அமைத்து, அதற்குச் 'சூப்பர் பொன்டரோசா' என்று வேடிக்கைப் பெயரும் சூட்டினார். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் அழகாக எழுதினார். அந்நாளில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க முடியும். ஆகவே விரலை அழுத்துமுன் கண் நெடுநேரம் உழைத்தது. இன்றைய காமிரா ஒரு நொடியில் இருபது படம் எடுக்கின்றது. கண் எப்போது உழைப்பது?

இனி, பெற்றோர் கேட்கும் விலைக்கு வருவோம். முதலில் வாங்க வேண்டியது காமிரா அன்று. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் எளிய பைனாக்குலர் ஒன்றும், கோடிட்ட நோட்டும் போதும். வீட்டு வேப்பமரமே முதல் வகுப்பு. ஆனி, ஆடியில் காகத்தின் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு திரியும் ஒரு குஞ்சைக் காணலாம். அதன் குரலும் உருவமும் காகத்தினுடையவை அல்ல, குயிலினுடையவை. காகமோ ஓடியோடி ஊட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள்; இதைவிடச் சிறந்த நாடகத்தை எந்தத் திரையரங்கிலும் காணமாட்டார்கள். நாள், இடம், நேரம், எத்தனை பறவைகள் என்று நோட்டில் குறிக்கட்டும். இவ்வாறு குறித்தவற்றுக்கு மதிப்பில்லை என எண்ண வேண்டா. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் அளித்த 3 கோடி குறிப்புகளைக் கொண்டே ஆக்கப்பட்டது. நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 இனங்களில் 204 குறைந்துள்ளன என்பதையும், மயில் பெருகியுள்ளது என்பதையும் அக்குறிப்புகளே காட்டின. அவ்வாறு குறித்தோரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர்.

ஓராண்டு நோட்டு எழுதிய பிள்ளைக்குக் காமிரா வாங்கித் தரலாம்; அப்போது அவன் எங்கே நிற்கக் கூடாது என்பதை அறிந்திருப்பான். பறவை தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கத் தொடங்கினால், நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். இரண்டடி பின்வாங்க வேண்டும். கூட்டைக் கண்டால் அதன் இடத்தை எவருக்கும், நண்பருக்குங்கூடச் சொல்லாதிருக்க வேண்டும். வற்றிய குட்டை ஒன்றே உள்ள இடத்தில், அதன் கரையில் நாளெல்லாம் அமர்தல் கூடாது. நமக்கு வீட்டில் குடம் இருக்கிறது.

படம் எடுத்தே தீர வேண்டும் என்னும் ஆவல் உள்ளவர்க்கு நல்ல காலம் தொலைவில் இல்லை. ஆடி முடியுமுன்பே, முதல் மழையில் ஏரியின் ஓரம் நனைந்ததும், வட ஆசியாவிலிருந்து உள்ளான்கள் ஒன்றிரண்டாய் வந்து இறங்கும். அவற்றுக்கு இங்கே கூடுமில்லை, முட்டையுமில்லை. நெடுவழி பறந்த பசியோடு சேற்றைக் குத்திக்கொண்டே இருக்கும். கரையில் குப்புறப் படுத்து அசையாதிருப்பவரை அவை பொருட்படுத்துவதில்லை. சில வேளைகளில் தாமாகவே நெருங்கி வரும். பழைய சட்டையாய் அணிந்து செல்லுங்கள். ஏரிச் சேறு எளிதில் போகாது.