பாரம் ஆள் பார்க்குமா?

அமெரிக்காவில் லாரியின் மேல் படுக்கை, சமையற்கட்டு, குளிக்கும் அறை யாவும் அமைத்து, பின்னால் படகையோ மோட்டார் காரையோ கட்டியிழுத்துக்கொண்டு உல்லாசப் பிரயாணம் போகிறார்கள். போகட்டும், அதை நாம் ஆட்சேபிக்கவில்லை.

ஆனால், அந்நாட்டு 1986-ம் வருஷத்துச் சட்டப்படி 26,001 பவுண்டும் (சுமார் 11,800 கிலோ) அதற்கு மேலும் கனமுள்ள சரக்கு லாரியை ஓட்டும் தொழிலாளி தனிப் பரீட்சை தேறி லைசென்சு பெற்றாக வேண்டும். அதே கனமுள்ள வண்டியைச் சொந்த உல்லாசத்துக்கு ஓட்டுகிறவருக்கு அச்சட்டத்தில் அந்தக் கட்டாயமில்லை. கலிபோர்னியா 40 அடிக்கு மேற்பட்ட வீட்டு வண்டிக்கு வேறு லைசென்சு கேட்கிறது. பல மாகாணங்களில் சாதாரணக் கார் லைசென்சே போதும்.

நாம் கேட்கிறோம்: பிரேக்குப் போட்டால் சரக்கு வண்டி ஒரு தூரத்திலும், சந்தோஷ வண்டி வேறு தூரத்திலுமா நிற்கும்? அடிபடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதானே! கூலிக்காரனுக்குப் பரீட்சை, பணக்காரனுக்கு விலக்கு என்பது எந்த நியாயம்? எடையைப் பார்த்துச் சட்டம் செய்வதல்லவா அறிவுடைமை?