தம்பி ஆடலாம், அக்கா ஆடக்கூடாதா?

பிள்ளைகளைக் கெடுப்பதே வீடியோ கேம்தான் என்று சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் புரிகிறது. ஆனால் எல்லா ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்கலாமா? பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியால் எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன என்பது நமக்குத் தெரியும். 2025-ல் மத்திய அரசே அதற்குத் தடைச் சட்டம் கொண்டு வந்துவிட்டது. நான் சொல்ல வருவது அதைப் பற்றி அல்ல, கதை உள்ள ஆட்டங்களைப் பற்றி.

கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் அண்ணன் மகன், பிளேஸ்டேஷன் பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தான். (புதுசு வாங்கினால் அரை லட்சத்தை ஒட்டி ஆகுமாம். அந்தப் பணத்துக்கு இப்போது ஒரு பவுன்கூட வராது என்பது வேறு விஷயம்.) அதில் 'கிங்டம் ஹார்ட்ஸ்' என்று ஓர் ஆட்டம். ஜப்பானில் ஸ்கொயர் என்ற கம்பெனி 2002-ல் வெளியிட்டது. 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற தங்கள் ஆட்டத்து வீரர்களையும் டிஸ்னியின் கார்ட்டூன் பாத்திரங்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். சோரா என்ற 14 வயதுப் பையன், பெரிய சாவி மாதிரி ஒரு வாளை வைத்துக்கொண்டு உலகம் உலகமாகப் போகிறான். துணைக்கு டொனால்ட் வாத்தும் கூஃபியும். வாத்து மந்திரம் போடும், கூஃபி கேடயத்தால் அடிக்கும். அலாவுதீன் ஊர், ஆலிஸ் ஊர், கடலுக்கடியில் கடல்கன்னி ஊர் என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். இதயமில்லாத நிழல் உருவங்களோடு சண்டை போடப் போட பையனின் பலம் படிப்படியாகக் கூடும். எந்தத் திறமையை வைத்துக்கொள்வது, எந்த மருந்தைப் பையில் போட்டுக்கொள்வது என்று யோசித்துத்தான் ஆடவேண்டும். சும்மா பட்டனைத் தட்டினால் நடக்காது.

"வாத்துக்கும் கத்திக்காரனுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றார் என் மாமியார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நவராத்திரிக்கு அவர் வைக்கும் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் கிரிக்கெட் டீம் நிற்கும். அதற்குப் பக்கத்தில் செட்டியார் மளிகைக்கடை, இந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பீங்கான் முயல். எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். களிமண் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு எடுத்தால், பிள்ளையாரும் வாத்தும் ஒரே தட்டில்தான் அடுக்கப்பட்டு வெளியே வரும். அட, கதையில்தான் என்ன? வியாச பாரதத்தில் அல்லி எங்கே இருக்கிறாள்? மதுரையை ஆண்டவள் என்று அவளை அர்ச்சுனன் கதைக்குள் கொண்டுவந்து 'அல்லி அரசாணி மாலை' பாடியது நம் ஆட்கள்தானே. திரௌபதியம்மன் கோயில் வாசலில் நிற்கும் போத்துராஜாவும் வியாசருக்குத் தெரியாதவர்தான். கதையோடு கதை கலப்பது ஜப்பான்காரன் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை என்று அத்தையிடம் சொன்னேன். "என்னமோ போ" என்றார். ஆனால் மறுநாள் வாத்து வரும்போது அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

என் மனசை உறுத்தியது வேறொன்று. எட்டாம் வகுப்பு முடித்த என் மகள் மூன்றே நாளில் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டாள். அண்ணன் மகன் திணறி நின்ற இடங்களைக்கூட அவள் தாண்டினாள். அப்போது பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி, "வயசுக்கு வந்த பொண்ணு, ஆம்பளப் பசங்க மாதிரி இதைக் கையில வச்சுக்கிட்டு... போய் அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணக் கூடாதா?" என்றார். பக்கத்திலேயே என் மகனும்தான் காலை நீட்டிக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் வாயைத் திறக்காமல் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள். நான் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மகனைத் தேய்க்க அனுப்பினேன். வந்தவருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டுமே!

ஆட்டத்திலும் இந்தக் குறை இருக்கிறது, இல்லாமலில்லை. முதல் பாகத்தில் சின்ட்ரெல்லா, ஜாஸ்மின் என்று ஏழு இளவரசிகள். வில்லன் அவர்களைப் பிடித்து வைக்க, பையன் போய்க் காப்பாற்றுகிறான். ஏழில் ஒருத்தியான கைரி அவனுடைய சிநேகிதி. கதையின் பெரும்பகுதி அவள் உணர்வில்லாமல் கிடக்கிறாள். பின்னால் வந்த பாகங்களில் அவள் கையிலும் சாவி வாள் வருகிறது என்றான் அண்ணன் மகன். "அதுக்கு இத்தனை வருஷமா?" என்று கேட்டாள் என் மகள். புனேயில் நோடிங் ஹெட்ஸ் என்ற நம் நாட்டுக் கம்பெனி 2020-ல் 'ராஜி' என்று ஓர் ஆட்டம் வெளியிட்டிருக்கிறது. அதில் சர்க்கஸ்காரப் பெண் ராஜிதான் திரிசூலம் ஏந்தி, அசுரர்கள் தூக்கிப்போன தம்பியை மீட்கப் போகிறாள். தம்பி பெயர் கோலு! கதை சொல்பவர்கள் துர்க்கையும் விஷ்ணுவும். இதைக் கேட்டதிலிருந்து என் மகள் அந்த ஆட்டத்துக்கு அடிபோடுகிறாள்.

எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தேன், சுவர்க்கடிகாரம் பார்த்து. சாப்பாட்டு நேரத்தில் கிடையாது. அவரவர் தட்டை அவரவர் கழுவிய பிறகுதான் பெட்டி திறக்கும், மகனுக்கும் சேர்த்து. இரண்டு நாள் முணுமுணுத்தான், பிறகு தானாகவே கழுவினான். பிள்ளைகள் என்ன ஆடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஒரு சீரியல்தான் விட்டுப்போனது.

அந்தச் சகோதரியை ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஆடுவது மகனா, மகளா? அடுத்த கடிதத்தில் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்.