பழைய ஓ.பி. சீட்டு
விடியுமுன் திண்டிவனம் புறவழிச்சாலையோரம் ராணுவத் தேர்வுக்காக ஓடும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர்களில் யார் வீட்டுப் பரணில் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுச் சீட்டு ஒளிந்திருக்கிறதோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. பிளஸ் டூவில் தோற்று, தூக்கம் கெட்டு, சில மாதம் மாத்திரை சாப்பிட்டவன் இன்று 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடுகிறான். ஆனால் மருத்துவப் பரிசோதனையில் அந்தச் சீட்டு வெளியே வந்தால் தகுதியில்லை என்று சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொன்னால் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம். பல், காது என்றால் மறுபடி பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தேறிவிட்ட மனதை? முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. துப்பாக்கி கொடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும்தான். அதற்கு மனநல மருத்துவர் அவனை எதிரே உட்காரவைத்துப் பேசட்டும். பழைய காகிதமே தீர்ப்பானால், அடுத்த பையன் ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டான்.