ஆற்றுப்படை மறந்த பயணிகள்

நம் எழுத்தாளர் சங்கங்கள் வெளியிடும் கட்டுரைத் தொகுப்புகளில் பயணக் கட்டுரை ஒன்றேனும் இடம்பெறாதிருப்பது அரிது. அதன் போக்கும் நாம் நன்கு அறிந்ததே. முதல் வரியிலேயே கணியன் பூங்குன்றனார் அழைக்கப்படுவார். அடுத்து விமானம் புறப்படும். சென்று இறங்கிய நகரின் தூய்மை வியக்கப்படும். அங்குள்ள கோபுரத்தின் உயரம் கூறப்படும். சோறு கிடைக்காத துன்பத்திற்கு ஒரு பத்தி ஒதுக்கப்படும். இறுதியில் அவ்வூரிலும் ஒரு தமிழ்க் கோயிலைக் கண்டு நெஞ்சம் நிமிர, கட்டுரை நிறைவுறும். இவற்றுள் பெரும்பாலானவை பயண இலக்கியம் ஆகா என்பதே என் வழக்கு. கடவுச்சீட்டில் விழுந்த முத்திரைகளை உரைநடையில் பெயர்த்தெழுதுவது இலக்கியமாகிவிடுமா?

கடுமையாகப் பேசுகிறேன் என்று தமிழாசிரியர்கள் வருந்த வேண்டா. நான் கையில் எடுத்திருக்கும் அளவுகோல் அவர்கள் நாள்தோறும் வகுப்பில் கற்பிப்பதுதான். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வருபவனுக்கு வழி காட்டுவதே ஆற்றுப்படையின் அமைப்பு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என ஒவ்வொரு குடியினரும் வாழும் வகையையும், வழிச் செல்வோர்க்கு அவர்கள் அளிக்கும் உணவையும் விரித்துரைக்கிறார். மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் பன்றிக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, பாம்பு உறையும் இடம், புனங்காவலர் எறியும் கவண்கல் ஆகிய இடர்களையெல்லாம் சொல்லிக் கூத்தரை எச்சரிக்கிறார். பாட்டுடைத் தலைவனின் புகழ் அங்கே உண்டு. பயணம் சென்றவனின் தற்புகழ்ச்சி இல்லை. அவன் பேசுவது பின்னால் வருபவனுக்காக. நம் பயணக் கட்டுரையாளரோ, பின்னால் வர இயலாதவரிடம் தாம் போய்வந்ததை அறிவிப்பதற்காகவே பெரும்பாலும் எழுதுகிறார்.

இக்குற்றச்சாட்டுக்கு நானும் விலக்கல்லன். பல ஆண்டுகளுக்கு முன் பாரிசு சென்று வந்து ஒரு கட்டுரை எழுதினேன். ஐஃபல் கோபுரம் 1889இல் எழுந்த வரலாற்றை அதில் விரிவாகக் கூறினேன். ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் தோசை உண்டதைச் சுவைபட வருணித்தேன். தோசையைக் கொண்டுவந்து வைத்தவரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. 1983ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின் ஊரை விட்டு வெளியேறியவர் அவர் என்பது மட்டும் பேச்சுவாக்கில் தெரியவந்தது. எவ்வழியே வந்தார், எத்தனை எல்லைகளைக் கடந்தார், யாரை விட்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. என் பயணத்தைவிடப் பன்மடங்கு பெரிய பயணம் ஒன்று என் எதிரே தட்டேந்தி நின்றது. நான் சட்டினியின் காரத்தைக் குறித்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

‘உலகைக் காண்பது குற்றமா? அயல்நாட்டுச் செய்திகளை அறிந்தால் மாணவர் அறிவு விரியாதா?’ என்று கேட்பார் உண்டு. விரியும், மறுப்பில்லை. ‘உலகம் சுற்றும் தமிழன்’ எனப் போற்றப்பட்ட ஏ. கே. செட்டியார் நாடு நாடாக அலைந்தவரே. காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களை உலகெங்கும் தேடித் திரட்டி, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். தாம் சென்ற தூரத்தை அவர் பாராட்டிக்கொள்ளவில்லை. தேடிச் சென்ற பொருளே அவருக்குப் பெரிதாயிருந்தது. சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதக் கடல் கடக்கவில்லை. தங்கள் ஆற்றின் கரையோடு சென்றார்கள். இவ்விரு சான்றுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. பயணத்தின் அளவைத் தூரம் தீர்மானிப்பதில்லை; கேள்வி தீர்மானிக்கிறது.

அவ்வாறாயின் ஜொகூர் பாருவில் வாழும் நாம் கேட்காத கேள்விகள் எத்தனை! நம் வாசலில் 1924ஆம் ஆண்டு முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பொழுது புலருமுன் பல்லாயிரவர் அதனைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் நம் மாணவர்களின் தாய் தந்தையரும் உண்டு. உறங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறவர், திரும்பும்போதும் உறங்கும் பிள்ளையையே காண்கிறார். இதனை நாம் பயணம் என எண்ணியதில்லை. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நோய்த்தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்து, நாள்தோறும் சென்றுவந்த வழி அடைபட்டது. சிறு சிறு விலக்குகள் பின்னர் வந்தன. எல்லை பரவலாக மீண்டும் திறந்ததோ 2022 ஏப்ரல் முதல் நாளில்தான். நீரிணையின் அக்கரையில் நின்று தம் ஊரின் விளக்குகளைக் கண்ணால் காண முடிந்தவர்கள், அவ்விளக்குகளின் கீழிருந்த வீட்டை எட்ட முடியாமல் தவித்தார்கள். ஒரு கிலோமீட்டர் ஈராண்டு நீண்ட கதை அது. அந்நாள்களை வாழ்ந்தவர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதியவர் நம்முள் எத்தனை பேர்?

இன்னும் அவசரமான கடன் ஒன்று உண்டு. 1926இல் கட்டப்பட்டு 1973வரை சென்னைக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பல், தலைமுறை தலைமுறையாக நம்மவரைச் சுமந்து வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்து, மூட்டையைத் தலைக்கணையாக்கிக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர், திரும்பாதவர்களும் பல்லாயிரவர். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலில் அக்கொடுமையைப் பதிந்து வைத்தார். ஆயினும் ஒரு நாவலோடு தீர்ந்துவிடும் கடனா இது? கப்பலில் வந்தோரும், சயாமிலிருந்து மீண்டோரின் கதையைக் கேட்டு வளர்ந்தோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஒரு முதியவர் கண்மூடும்போது எழுதப்படாத பயண நூல் ஒன்றும் அவரோடு போய்விடுகிறது. நாமோ அயல்நகர விடுதி அறையின் சாளரத்தை வருணித்துக் கொண்டிருக்கிறோம்.

தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. ‘நான் சென்ற இன்பச் சுற்றுலா’ என்னும் தலைப்பைச் சில காலம் ஒதுக்கி வையுங்கள். சுற்றுலா சென்றறியாத ஏழைப் பிள்ளை அத்தலைப்பின் கீழ்ப் பொய்யைத்தான் எழுதக் கற்கிறது. ‘என் பாட்டியார் இவ்வூருக்கு வந்த வழி’ என்றோ, ‘என் தந்தையார் வேலைக்குச் செல்லும் வழி’ என்றோ தலைப்புக் கொடுங்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து எழுதட்டும். மாணவர்களே, நாளை நீங்கள் இலண்டனுக்கும் தோக்கியோவுக்கும் செல்வீர்கள், சென்று வாருங்கள். அங்கே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின், அதன் அடியில் தரையைக் கூட்டுபவரிடம் இரண்டு சொல் பேசுங்கள். எழுதும்போது, உங்களுக்குப் பின் அவ்வழியே வரப்போகும் எளியவன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பயன்படாத பயணக் கட்டுரை எவ்வளவு அழகாக இருப்பினும், ஆற்றுப்படை பாடிய மொழியில் அதற்கு இடமில்லை.