ஊர்ப் படம் வரையுங்கள்!

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் “காவேரித் தாய்க்குக் கோபம்” என்று சொல்லுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். ஆடிப் பதினெட்டுக்குக் காதோலை கருகமணி விட்டுக் கும்பிட்ட அதே ஆகஸ்டு மாதத்தில்தான் 2018-லும் 2022-லும் வெள்ளம் வந்தது. கும்பிட்டதில் என்ன குறை என்று தேடுவதைவிட, அந்த நீர் எப்படி வந்தது என்று யோசிப்பது மேலல்லவா?

மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால், அதற்குமேல் வரும் நீரைத் திறந்துவிடுகின்றார்கள். அது முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் பாய்கின்றது. 2018 ஆகஸ்டில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி திறக்கப்பட்டது. 1836-ல் கட்டிய முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அம்மாதம் 22-ந் தேதி இரவு அடித்துக்கொண்டு போயின. ஆனால் மேட்டூரில் திறந்த நீர் கடலோரப் படுகைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகின்ற நீருக்குக் கோபமேது, சாபமேது?

2022-ல் மயிலாடுதுறை ஜில்லாவில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் முதலிய ஊர்களை நீர் சூழ்ந்தது. இனிமேல் பாட்டன் கண்ட கணக்கு மட்டும் போதாது. பூமி சூடேறுவதால் பெருமழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கின்றது. கடல் மட்டமும் உயருகின்றது. ஆறு வற்றும் மாதங்களில் முகத்துவாரத்தின் வழியே உப்பு நீர் உள்ளே ஏறுகின்றது.

ஆகவே, ஊர்தோறும் ஒரு படம் வேண்டும். அதற்கு இஞ்சினீயர் வரவேண்டியதில்லை. பொதுத் திடலைக் கூட்டிக் கோலப்பொடியால் ஆறு, கரை, வாய்க்கால், வடிகால் எல்லாவற்றையும் போடுங்கள். கரை பலவீனமான இடம், எந்த வருஷம் நீர் எதுவரை ஏறிற்று, எந்தக் குழாயில் நல்ல தண்ணீர், எதில் உப்பு, படகு எங்கே, மாடுகளை ஏற்றும் மேடு எது, நடக்கமாட்டாத கிழவர்கள் எந்த வீட்டில் என்று குறியுங்கள். செயற்கைக்கோள் படம் நீர் நின்ற இடத்தைக் காட்டும். படுத்த படுக்கையாய் இருப்பவரைக் காட்டாது.

நிற்க, படத்தை வரைவது யார் என்பதே முக்கியமான விஷயம். பெரிய நிலக்காரர் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து வரைந்தால் அவர்கள் வயல் இருக்கும், சேரி இராது. சேரியைப் பள்ளத்தில் வைத்தது ஆறா, ஜாதியா? முதலில் மூழ்குகின்றவர்களும், தண்ணீர் சுமக்கின்ற பெண்களும் கோலப்பொடியைக் கையில் எடுத்தாலொழிய அது ஊர்ப் படமாகாது. வெள்ளத்தன்று மேட்டுக் கட்டடத்தில் எல்லோரும் ஒன்றாய்த் தங்கி, ஒரே உலையில் பொங்கி உண்பதா என்பதையும் அன்றே பேசித் தீர்க்கவேண்டும்.

பிறகு அதைக் காகிதத்தில் எழுதிப் பஞ்சாயத்து ஆபீசிலும் பள்ளிக்கூடத்திலும் மாட்டுங்கள். ஒரு பிரதியைத் தாசில்தாரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த ஆடிக்கு முன்னே இது முடியவேண்டும்.