ஒரு வெடி போதும், காது கெட!

சூரனை வென்ற முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் திருத்தணி. அதனால், திருச்செந்தூரில் நடக்கும் சூரசம்காரம் இந்த மலையில் நடப்பதில்லை. அன்று இங்கே முருகனுக்கு மலர் தூவி வழிபடுகிறார்கள்.

அப்படிப்பட்ட மலையின் அடிவாரத்திலும், தீபாவளி வந்துவிட்டால் அணுகுண்டு வெடிதான்! எல்லா ஊரிலும் இதே கதை. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறது. "பயந்தாங்கொள்ளி!" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

குழந்தை செய்வதுதான் சரி. சிரிப்பதுதான் தவறு.

காதுக்குள் நடப்பது என்ன?

காதின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதுதான் செவிப்பறை. அதை அடுத்து 3 சின்னஞ்சிறு எலும்புகள். அதற்கும் உள்ளே, நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு. அதில் மயிரிழை கொண்ட உயிரணுக்கள் சுமார் 15 ஆயிரம் உண்டு. ஒலியை மூளைக்குத் தெரிவிப்பவை அவைதான்.

பெரிய சத்தம் கேட்டால், காதில் உள்ள சிறு தசை இறுகி ஓரளவு தடுக்கும். ஆனால் திடீர் வெடி, அது இறுகும் முன்பே உள்ளே பாய்ந்துவிடுகிறது. செவிப்பறை கிழியலாம். அது பெரும்பாலும் ஆறிவிடும். செத்துப்போன உயிரணுக்களோ மனிதனுக்கு மறுபடி வளர்வதில்லை. போனது போனதுதான்!

சட்டம் மட்டும் போதுமா?

வெடித்த இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் வெடி கூடாது என்று 1999-ல் விதி வந்தது. ஆனால் சிறுவன் 4 மீட்டர் தள்ளியா நிற்கிறான்? தூரம் பாதியானால் சத்தம் சுமார் 6 டெசிபல் கூடும். 1 மீட்டரில் நின்றால் 12 டெசிபல் கூடும். அதாவது, காதைத் தாக்கும் ஒலியின் செறிவு சுமார் 16 மடங்கு!

"வருஷத்தில் ஒரு நாள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திரச் சத்தம் காதைக் கெடுக்கப் பல வருஷம் ஆகும். வெடிக்கு ஒரு நொடி போதும்.

வெடித்த பிறகு காதில் 'ஙொய்' என்று இரைச்சல் கேட்கிறதா? காது அடைத்திருக்கிறதா? எண்ணெய் ஊற்றாதீர்கள். "நாளாக ஆகச் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே காது டாக்டரிடம் போங்கள்.

மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் இல்லையா? தீபாவளிக்கு ஒளி போதும். குழந்தை காதைப் பொத்தினால், அதன் கையை விலக்காதீர்கள். வெடியை விலக்குங்கள்!