வலியில்லாத சாவும் சமூகநீதிதான்

"போன பிறவியில் செய்த பாவம், அனுபவித்துத்தான் தீர வேண்டும்." புற்றுநோய் முற்றிப் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்து இன்றும் சொல்லப்படுகிற 'ஆறுதல்' இது. சாதியை நியாயப்படுத்திய அதே கர்மவினைக் கதைதான் வலியையும் நியாயப்படுத்துகிறது.

அந்த வலி தீர்க்கக்கூடியது என்று செய்து காட்டியவர் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபால். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்த அவர், 1993இல் சக மருத்துவர்களோடும் தன்னார்வலர்களோடும் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கான சங்கத்தைத் தொடங்கினார். கடும் வலிக்கான மார்ஃபின் விலை குறைந்த மருந்து. அபின் விளைவிக்கும் நாடு நம்முடையது. ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கேட்ட உரிமங்களுக்கு அஞ்சி மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. அவரும் மற்றவர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகே 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

மருந்து மட்டும் போதாது. புண்ணைக் கழுவ வேண்டும், மலம் அள்ள வேண்டும், உடலைத் தொட்டுத் திருப்பிப் போட வேண்டும். தீட்டு என்று சாதியச் சமூகம் ஒதுக்கிய வேலைகள் இவை. அதையே மருத்துவத்தின் மையத்தில் வைப்பதால்தான் இச்சிகிச்சை நமக்கு அரசியலாகிறது. அந்த வேலை மீண்டும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் தலையில், குறைந்த கூலிக்கு, விழுந்துவிடக் கூடாது என்பதும் அதே அரசியல்தான்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. நல்ல திட்டம். அதன் உரைகல் சென்னை அல்ல, கொல்லிமலையின் வளப்பூர் நாடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டிய மலை அது. அங்கே படுத்த படுக்கையாகக் கிடக்கும் மலையாளிப் பழங்குடி மூதாட்டிக்கு, நகரத்தில் வசதியுள்ளவருக்குக் கிடைக்கும் அதே மாத்திரை அதே வேகத்தில் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

கண்ணியத்தோடு சாவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுப் பாதை மறிக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள்.

சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடுகிறோம். அதற்கு முந்தைய நாட்களுக்காகவும் போராட வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மார்ஃபின், பயிற்சி பெற்ற செவிலியர், அவருக்கு நிரந்தரப் பணி. இம்மூன்றையும் நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.